நெற்றியில் பேர் எழுதிய லாரி

பிரவீனா தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். படத்தில் இருந்த இரண்டு பேரின் முகத்தையும் மங்கலாக்கியிருந்தாள். லாரியின் நம்பர் பிளேட்டையும் மறைத்திருந்தாள். இனி நம் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது என்ற நிம்மதியோடுதான் அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போட்டாள். லாரியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, ‘அண்ணமார் துணை’ என்றும் அதற்குக் கீழே ‘சௌந்திரம் – அன்பரசு’ என்றும் எழுதியிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள், அந்த எழுத்தின் வளைவை ரசிக்கவும் செய்தாள். லாரிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் பேரை வண்டியில் எழுதுவது ஊர் உலகத்தில் இல்லாததா என்ன?

சேலம் டவுனில் வளர்ந்தவளுக்கு அது அலங்காரம். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் அதுதான் முகம். அங்கே ஆளை மறந்தாலும் மறப்பார்கள், லாரியை மறக்க மாட்டார்கள். எந்தப் பட்டறையில் பாடி கட்டியது, எழுத்து எந்தப் பெயின்டர் கை, நெற்றியில் எந்தச் சாமி, எந்தப் பிள்ளைகள் என்று பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்தின் பங்காளி, மாமன் மச்சான் வரைக்கும் சொல்லிவிடுவார்கள். முகத்தை மறைத்துவிட்டு லாரியை விட்டுவைத்தது, வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டது போலத்தான்.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவள் ஸ்டுடியோ. பிழைப்புக்கு பாஸ்போர்ட் சைஸ் படம், பள்ளிக்கூட அடையாள அட்டை, கல்யாண ஆல்பம். ஆசைக்கு வேறொன்று. பழைய சாமான் கடைகளில் கிடக்கும் கேமராக்களை வாங்கிவந்து திறந்து பார்ப்பாள். சிலவற்றில் கழுவாத பிலிம் ரோல் சிக்கிக்கொண்டிருக்கும். எடுத்தவர் மறந்துபோன ரோல், அல்லது செத்துப்போனவரின் ரோல். அதைப் பக்குவமாகக் கழுவி, உயிரோடு வரும் படங்களை ‘கழுவாத ரோல்’ என்ற பக்கத்தில் போடுவாள். உரியவர் கிடைக்கும்வரை முகங்களைக் காட்டுவதில்லை என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். போன வருஷம் இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரருக்கு, அவருடைய இறந்துபோன மனைவியின் ஒரே படத்தை இப்படித்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுததை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து நம் பெண்ணுக்குத் தலையில் லேசாகக் கொம்பு முளைத்துவிட்டது. படங்களை அவற்றின் சொந்தக்காரர்களிடம் சேர்ப்பதற்கென்றே கடவுள் தன்னைப் படைத்திருப்பதாக ஒரு நினைப்பு.

லாரிப் படம் இருந்த ரோல் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த மிக்சிக்கு அடியில் கிடந்த சின்னக் கேமராவில் வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழசு. அவ்வளவு பழைய கலர் ரோலைக் கலர் மருந்தில் போட்டால் சகதிதான் மிஞ்சும். கறுப்பு வெள்ளை மருந்தில் போட்டால் கொஞ்சமாவது தேறும். தேறியது. கழுத்தில் மாலையோடு லாரிக்கு முன்னால் ஓர் இளைஞனும் பெண்ணும் நிற்கும் படம் ஒன்று. லாரி ஜன்னலில் தலையை நீட்டி அந்தப் பெண் சிரிக்கும் படம் ஒன்று. அப்புறம் சில மாதங்களோ வருஷமோ கழித்து எடுத்த மாதிரி, ஒரு பங்க்சர் கடை, அதன் வாசலில் கட்டிய தூளி, தூளிக்குள் ஒரு குழந்தை. மாலைப் படத்தைத்தான் பிரவீனா முதலில் போட்டாள். ‘இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? சேர்ந்து தேடுவோம். மீதிப் படங்கள் வெள்ளிக்கிழமை’ என்று கீழே எழுதினாள்.

சேர்ந்துதான் தேடினார்கள். ஒரே நாளில் படம் பரவாத இடமில்லை. மறுநாள் காலையில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: ‘இது திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் லாரி. சௌந்திரம் என்ற பேரைப் பிற்பாடு சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஏன் என்று அந்த வீட்டில் கேளுங்கள்.’ பிரவீனா அதற்கு ஓர் இதயத்தைப் போட்டு, உரியவர்கள் நேரில் வரலாம் என்று ஸ்டுடியோ முகவரியையும் கொடுத்தாள். ஒரு பெண்ணின் பேரை எதற்காகச் சுரண்டுவார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். இதயம் போடுகிற வேகத்தில் மூளைக்கு வேலை இருக்கவில்லை.

அன்று மத்தியானம் ஒரு போன் வந்தது.  

“அந்தப் படத்துல மாலையோட நிக்கறது நாந்தாங்க” என்றது ஒரு பெண் குரல். “படத்தை எடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவுது.”

பிரவீனாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஆள் கிடைத்துவிட்டதே. நீங்கள் எந்த ஊர், உங்களை வந்து பார்க்கலாமா, ஒரு வீடியோ எடுக்கலாமா என்று அடுக்கினாள். அந்தப் பக்கம் குரல் உடைந்தது. அப்புறம் அந்த அம்மாள் நிறுத்தி நிறுத்தி முழுவதையும் சொன்னாள்.

சௌந்திரம் அந்த லாரி முதலாளியின் மகள். செங்கோடன் அதே லாரியின் டிரைவர், வேறு சாதி. அப்பனின் லாரியிலேயே ஏறிப் போய், மலையடிவாரத்து மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். லாரியைப் பத்திரமாக ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திச் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்கள். வீட்டில் அவளுக்குக் கருமாதி செய்தார்கள். அவளுடைய பெரியப்பன் மகன் மணியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கோடனின் தம்பி கையை முறித்தார், தாயை ஊரைவிட்டே துரத்தினார். கிடைத்தால் இரண்டு பேரையும் ஒரே குழியில் போடுவேன் என்று கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை இன்னும் அவர் வாபஸ் வாங்கவில்லை. போன வருஷம்கூட ஒரு கல்யாண மண்டபத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததாக யார் மூலமாகவோ சௌந்திரத்தின் காதுக்கு வந்திருக்கிறது.

செங்கோடன் போன மாசி மாதம் நெஞ்சு வலியில் போய்விட்டான். தம்மம்பட்டியில் அவன் போட்ட பங்க்சர் கடைக்குப் பின்னால்தான் சௌந்திரம் இன்னும் இருக்கிறாள், மகள் சித்ராவோடு, வேறொரு பேரில். அப்பாவின் பழைய சாமான்களை எடைக்குப் போட்டவள் சித்ராதான். நேற்று ராத்திரி, “இந்தப் படம் எவ்வளவு நல்லாருக்குது பாரும்மா” என்று போனைக் கொண்டுவந்து காட்டியவளும் அவள்தான். தன் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தை, அவர்கள் யாரென்று தெரியாமல்.

பிரவீனா வெள்ளிக்கிழமைக்கு என்று தயாராக வைத்திருந்த படத்தைத் திறந்து பார்த்தாள். பங்க்சர் கடை. வாசலில் நின்றவனின் முகத்தை ஒழுங்காக மறைத்திருந்தாள். தலைக்கு மேல் இருந்த பலகையில் கடைப் பேரும் தம்மம்பட்டி என்ற ஊர்ப் பேரும் பளிச்சென்று தெரிந்தன. 

அப்போதும் உடனே எடுத்தாளா என்றால், இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதைக்கு அழகில்லை. எண்பதாயிரம் பேர் பார்த்த படம். அதற்கு வந்த வார்த்தைகள், பாராட்டுகள். முகம்தான் தெரியவில்லையே, பேர்களை மட்டும் மறைத்து மறுபடி போட்டால் போதாதா என்று ஒரு மணி நேரம் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாள். கடைசியில் எடுத்தாள். ஆனால் அதற்குள் பலர் அதைத் தங்கள் போனில் இறக்கி, ஊர் ஊராக அனுப்பிவிட்டிருந்தார்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். படமும் அந்தச் சாதிதான்.

தபாலில் அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், கம்ப்யூட்டரில் இருப்பதை என் கண் முன்னால் அழிக்க வேண்டும் என்றாள் சௌந்திரம். வியாழக்கிழமை பஸ் ஏறி வந்தாள்.

நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். வெறும் நெற்றி. கறுத்து மெலிந்த உருவம், முன்பக்கம் முழுக்க நரை. படத்தில் ஜன்னலில் தலை நீட்டிச் சிரித்த பெண்ணை இவளுக்குள் தேடினால் முதலில் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தாள், கண்ணுக்கும் தாடைக்கும் நடுவில் எங்கேயோ. பிரவீனா மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். சௌந்திரம் அதற்கெல்லாம் நேரமில்லாதவள் போல பிரிண்ட்களைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தூளிப் படத்தில் மட்டும் விரல் நின்றது. எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பி, நெகட்டிவை உறையில் போட பிரவீனா குனிந்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, “ஏனுங்க அம்மிணி, லாரிப் படம் போட்டது நீங்கதானுங்களா?” என்று கேட்டான். “எம் பேரு அன்பரசுங்க. அந்த லாரி எங்கய்யனுதுங்க.”

பிரவீனா பக்கத்தில் கிடந்த கல்யாண ஆல்பத்தை எடுத்து, ஏதோ ஒழுங்கு செய்கிறவள் போல, பிரிண்ட்களின் மேல் வைத்தாள். சௌந்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்த அம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் அணைத்திருந்தாள். பன்னிரண்டு வயதில் விட்டுப்போன தம்பி. அடையாளம் தெரிய அவனே பேரைச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்பரசு அந்த பெஞ்சிலேயே, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். முன்னால் வந்திருப்பவரைத் தாண்டிப் பேசுவது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். “ஏனுங்கக்கா, நீங்க முந்தி வந்தவீங்க, உங்க வேலைய முடிச்சுக்கங்க” என்றான்.

வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அழைக்கிற அக்காதான் அது. சௌந்திரம் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படத்தை எடுத்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று பிரவீனா சொல்லிப் பார்த்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. போனைத் திறந்து, யாரோ அனுப்பிய அந்த மங்கல் முகப் படத்தைக் காட்டினான். காட்டிவிட்டுப் போனை ஆல்பத்தின் மேலேயே வைத்தான். ஆல்பத்துக்கு அடியில்தான் தம்மம்பட்டி இருந்தது.

“இது எங்கக்காளுங்க அம்மிணி. இந்த மூஞ்சிய மட்டும் ஒருக்கா பாக்கோணுங்க.”

அவனே சொல்லிக்கொண்டு போனான். அக்கா போன மறுநாள் வீட்டில் இருந்த படங்களை எல்லாம் அய்யன் அடுப்பில் போட்டார். கும்பலாக நிற்கும் படங்களில் அவள் இருந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். லாரி நெற்றியில் இருந்த பேரைச் சுரண்டச் சொன்னது பெரியவர்கள், சுரண்டியது இவன் கை. அப்புறம் இவனை உட்கார வைத்து, செத்தவளுக்குத் தம்பி செய்ய வேண்டியது என்று மொட்டை போட்டார்கள். அய்யனும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆத்தா சாகும்வரை அந்தப் பேரை வீட்டில் உச்சரிக்க முடியவில்லை.

“எனக்கு அவ மூஞ்சி மறந்துபோச்சுங்க” என்றான் அன்பரசு. “குரல் நெனப்புல இருக்குது. தலை சீவி உட்டது நெனப்புல இருக்குது. மூஞ்சி வர மாட்டேங்குது. எம் பொண்ணு கேக்கறா, அத்தை எப்படி இருப்பான்னு. என்னன்னு சொல்றதுங்க?”

 பிரவீனாவுக்கு இளம்பிள்ளைத் தறிக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த மனிதன் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவள் எதற்காக இந்த வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டாளோ, அதற்காகத்தான் இவன் படியேறி வந்திருக்கிறான். ஆல்பத்தைத் தூக்கினால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் கை காட்டினாலே போதும்.

நீங்கள் தனியாகவா வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

“இல்லீங்க. எங்க பெரியப்பன் மவன், மணியண்ணன் கீழ கார்ல இருக்கறாருங்க. அவருதான் இந்தப் படத்தையே எனக்குக் காட்டுனது. முட்டி வலிங்க, படி ஏற மாட்டாரு. கேமரா எந்தூருல வாங்குனீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

பெஞ்சின் ஓரத்தில் பை சரிந்து கீழே விழுந்தது. அன்பரசு குனிந்து எடுத்துக் கொடுத்தான். சௌந்திரம் வாங்கிக்கொண்டாள்.  

ஜன்னல் வழியே பிரவீனா எட்டிப் பார்த்தாள். மருந்துக் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார். முன் கதவு திறந்திருந்தது. கட்டையான உடம்போடு ஒருவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. கேட்கிறவன் நல்லவனா இல்லையா என்பது பேச்சே இல்லை. ஒருவன் கையில் கொடுக்கும் படம் அவன் கையோடு நிற்பதில்லை. அதை அவள் இந்த வாரம் முழுக்கப் பார்த்தாயிற்று.

“அம்மா, நீங்க உள்ள வாங்க. போட்டோ எடுத்துருவோம்” என்று சௌந்திரத்தை அழைத்தாள். அன்பரசுவிடம், ஐந்து நிமிஷம் என்று சைகை காட்டினாள். ஸ்டுடியோவின் பின்பாதியைத் தடித்த நீலத் திரை ஒன்று மறைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, இரண்டு விளக்கு, வெள்ளைத் துணி. வேறு கதவு கிடையாது.

உள்ளே போனதும் சௌந்திரம் பிரவீனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தம்மம்பட்டிப் பேச்சு எங்கோ போய், பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“மொட்டை போட்டாங்களாமா சாமி அவனுக்கு” என்றாள், மூச்சுக்குள்ளேயே. “சடை பின்னற அளவுக்கு முடி இருக்கும் அவனுக்கு.”

நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன், எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றாள் பிரவீனா. சௌந்திரம் கொஞ்ச நேரம் வெள்ளைத் துணியையே பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அன்பரசு தொண்டையைச் செருமுவது கேட்டது.

“லாரி சன்னல்ல சிரிக்கற படம் ஒண்ணு இருக்குதில்ல. அதை மட்டும் குடுங்க.”

அது ஆபத்து என்றாள் பிரவீனா. அதில் ஊர் பேர் எதுவும் இல்லையே என்றாள் சௌந்திரம். மணியனுக்கு அவள் முகம் மறக்கவில்லை, அவருக்கு அந்தப் படம் புதிதாக ஒன்றையும் சொல்லப்போவதில்லை. மறந்தது இவனுக்கு மட்டும்தான்.

“எம் மூஞ்சி சாமி. ஆருக்குக் காட்டறதுன்னு நாந்தான சொல்லோணும்?”

இந்த ஒரு கேள்வியைப் படம் போடும் முன்னால் யாராவது தன்னிடம் கேட்டிருக்கலாம் என்று பிரவீனாவுக்கு இருந்தது. கேட்க வேண்டியவளே தான்தான் என்பதும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த அம்மாளை முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, படம் எடுத்தது போல வெளியே சத்தம் கேட்கட்டும் என்று விளக்கின் சுவிட்சை ஒருமுறை போட்டு அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஆல்பத்தின் அடியில் கையை விட்டு, ஒரு பிரிண்டை மட்டும் உருவினாள். விளிம்பைப் பார்த்து, அதுதான் என்று உறுதி செய்துகொண்டு நீட்டினாள். அன்பரசு எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான்.

அவன் அழுவான் என்று பிரவீனா நினைத்தாள். அழவில்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனான், கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். சிரிக்கிற கண்ணை, தாடையை, நெற்றியில் விழுந்த முடியை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு அவன் பார்வை படத்தைவிட்டு நகர்ந்து, சற்று முன் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்துக்குப் போனது. அங்கிருந்து நீலத் திரைக்குப் போனது. திரைக்குக் கீழே, தரையில், முக்காலியின் காலும் இரண்டு வெறும் பாதங்களும் தெரிந்தன.

அன்பரசுவின் முகம் வெளுத்தது. வாய் திறந்தது. திரையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். 

படியில் சத்தம் கேட்டது. கனத்த காலடி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல், கைப்பிடிக் கம்பியில் மோதிரம் உரசும் ஓசை. முட்டி வலிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

அன்பரசு எடுத்த காலைப் பின்னால் வைத்தான். கையில் இருந்த படத்தை ஒரு தடவை, ஒரே தடவை, மறுபடி பார்த்தான். பிறகு அதைக் குப்புற மேஜைமேல் வைத்து ஆல்பத்துக்கு அடியில் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டு வாசலுக்குப் போய், நிலைக்கு நடுவில் நின்றுகொண்டான்.

“என்னடா இவ்வளவு நேரம்? படம் கெடச்சுதா?” என்று கேட்டார் மணியன். மூச்சு வாங்கியது.

“பாத்துட்டேனுங்கண்ணா. லாரி நம்முளுதுதான். ஆளு வேற.”

“ஆளு வேறயா? அந்த டிரைவர் நாயோட நிக்கறது வேற எவடா? தள்ளு, நான் பாக்கறேன்.”

அன்பரசு தள்ளவில்லை. “ஆரோ வடக்கத்திப் பொண்ணுங்க. லாரி போன எடத்துல ஆரு கூடவோ நின்னு எடுத்திருக்கறான். படத்தை அந்தம்மிணி எரிச்சுப்போட்டாங்க, நான் கம்ப்யூட்டர்லதான் பாத்தேன். அதையும் அழிச்சாச்சு.”

மணியன் அவன் தோளுக்கு மேலாக எட்டி, ஸ்டுடியோவை ஒரு சுற்றுப் பார்த்தார். கேமரா எந்த ஊரில் வாங்கினது என்று பிரவீனாவைக் கேட்டார். ஈரோட்டுச் சந்தையில், பெங்களூரிலிருந்து வந்த மூட்டையில் என்றாள் அவள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. அவர் கண் திரைக்குக் கீழே போய் நின்றது.

“உள்ள ஆரு?”

“போட்டோ எடுக்க வந்தவங்க” என்றாள் பிரவீனா. பிறகு திரையைப் பார்த்து, “அசையாம இருங்கம்மா, தலைய நிமித்துங்க” என்று சத்தமாகச் சொன்னாள்.

மணியனுக்கு நம்பிக்கை வரவில்லை. “உனக்கு அன்னைக்கு மீசைகூட மொளைக்கல. உனக்கு என்னடா தெரியும்? அது அவதானா இல்லியான்னு நான் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

“எங்கூடப் பொறந்தவ மூஞ்சி எனக்குத் தெரியாதுங்களா?” என்றான் அன்பரசு. குரல் உயரவில்லை. “சௌந்திரம் செத்துப் போயிட்டாளுங்க. கருமாதி பண்ணி, நானே மொட்டை போட்டிருக்கறேன். இனிமே அந்தப் பேச்சை எடுக்காதீங்க. வாங்க போலாம்.”

மணியன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கூடப்பிறந்தவனே இல்லை என்று சொன்ன பிறகு பெரியப்பன் மகன் அங்கே நின்று பிடிவாதம் பிடிக்க ஒன்றுமில்லை. முனகிக்கொண்டே திரும்பினார். அன்பரசு அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. வாழைப்பழச் சீப்பு மட்டும் பெஞ்சின் மேல் இருந்தது.

பிரவீனா திரையை விலக்கினாள். சௌந்திரம் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், தலையை நிமிர்த்தியபடி, சொன்னது சொன்னபடி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“செத்துப்போயிட்டான்னு சொல்லிட்டானே சாமி” என்றாள். “படத்தைப் பாத்துமா அவனுக்கு என்னயத் தெரியல?”

“தெரிஞ்சுதுங்கம்மா” என்றாள் பிரவீனா. “படத்தைப் பாத்தாரு, அப்புறம் இந்தத் திரையப் பாத்தாரு. தெரிஞ்சதுனாலதான் அப்படிச் சொன்னாரு.”

கீழே காரின் கதவுகள் சாத்தப்பட்டன. கார் கிளம்பி, சந்திலிருந்து வெளியேறி, ஏற்காடு ரோட்டில் போய்ச் சேரும்வரை சௌந்திரம் பிரவீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.